நேட்டிவ்

கொருக்குப்பேட்டை கேட் மூடுகிறது.
சரக்கு ரயில். ஐம்பத்தெட்டுப் பெட்டி.
எண்ணி முடிப்பதற்குள்
நூற்றுப் பன்னிரண்டாவது வரியில்
கட்டுமானம் இன்னொரு முறை உடைந்துவிட்டது.

வாஷிங் மெஷின் மேல் மடிக்கணினி.
இந்த வீட்டில் நின்றுகொண்டு வேலை செய்ய
என் உயரத்துக்கு அதுதான் மேசை.
துணி ஓடும்போது எழுத்துகள் நடுங்கும்.

பகலில் கன்டெய்னர் யார்டில்
சீல் எண் சரிபார்க்கிறேன்.
பெட்டிக்குள் என்ன என்று கேட்பது என் வேலையில்லை.
இரவில் லினக்ஸுக்குப் பொதி கட்டுகிறேன்.
அங்கே ஒவ்வொரு கோப்பையும் திறந்து
யார் எழுதியது, என்ன உரிமம்,
எதன் தோளில் ஏறி நிற்கிறது
எல்லாம் கேட்டாக வேண்டும்.
இதற்குக் கூலி கிடையாது.

அப்படி என்னடா மென்பொருள், என்றான் தணிகைவேல்.
ஜன்னல் வழியே கேட் சுவரைக் காட்டினேன்.
போஸ்டர் மேல் போஸ்டர்.
மழை கிழித்ததும் மாடு தின்றதும் போக மிச்சம்:
'ணீர் அஞ்ச'
'அஞ்சலி எங்'
'எங்கள் குலவிள'
ஒன்றின் வால் இன்னொன்றின் தலையோடு பொருந்தினால் ஒட்டு.
ஒட்டிக்கொண்டே போனால்
செத்தவர் பெயர் வந்துவிடும்.
மரபணுவும் இதேதான், எழுத்து மட்டும் நாலு.

அவ்வளவுதானா?

அவ்வளவுதான். ஆனால்
கண்ணீர் அஞ்சலி எல்லாப் போஸ்டரிலும் இருக்கிறதே,
எந்தக் கண்ணீர் யாருடையது?
அந்த இடத்தில்தான்
கணினிக்கு நினைவகம் போதாமல் போகிறது.

டெல்பினாவுக்கு காசிமேட்டில்
ஒரு ஷட்டர் கடை அளவு ஆய்வகம்.
எண்ணூர் முகத்துவாரச் சேற்றில்
எண்ணெய் படிந்த பிறகும் சாகாத ஏதோ ஒன்றை
பாட்டிலில் பிடித்து வைத்திருக்கிறாள்.
பதின்மூன்று வயசுக் கணினி.
நிரல் தொடங்கியதுமே செத்துவிடுகிறதாம்,
ஒரே வரி சொல்லிவிட்டு:
'சட்டவிரோதக் கட்டளை.'
நம்ம ஏரியான்னு தெரிஞ்சு
இதுவும் கேஸ் போடுதா, என்று எழுதியிருந்தாள்.

குற்றவாளி ஒரு சொல்.
எங்கோ பனி விழும் ஊரிலிருந்து
யோனாஸ் என்பவர் எழுதிவைத்தது: நேட்டிவ்.
கட்டுகிற இயந்திரம் எதுவோ
அதன் உடம்புக்கே அளவெடுத்த சட்டை.
வேகமாக ஓடும்.
அங்கே மட்டும்.

எனக்குத் தெரிந்த சொல்தான்.
கிண்டிப் பக்கம் ஒரு இன்டர்வியூவில்
எந்த ஊர் என்றார்.
கொருக்குப்பேட்டை.
அதில்ல தம்பி, நேட்டிவ்?
கொருக்குப்பேட்டைதான் சார்.
அப்பாவுக்கு நேட்டிவ்?
அவருக்கும் அதான் சார்.
பேனாவை மூடி வைத்தார்.
நல்ல பேனா, மூடும்போது 'டிக்' என்றது.

திருத்தம் ஒரு கழித்தல் குறி.
வரியைத் தூக்கிவிட்டு மறுபடி கட்டினேன்.
துணி அலசி முடிந்து, பிழிந்து முடிந்து,
மெஷின் 'பீப்' அடித்து அடங்கியும்
கட்டுமானம் உடையவில்லை.
நாலு மணி நேர வேலை இனி ஆறரை.
வேகம் போச்சே என்று யோனாஸுக்கு வருத்தம்.
அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.
அவர் அந்த வேகத்துக்காக மூன்று வருஷம் தூங்கவில்லையாம்.
டெல்பினா சொன்னாள்:
ஆறரை மணியா? போட்டுட்டுத் தூங்கப் போறேன்.
காலைல படகு வரும், அதுவும் முடிஞ்சிருக்கும்.

மாற்றக் குறிப்பில் காரணம் எழுத வேண்டும்.
மூன்று முறை எழுதி அழித்தேன்.
முதல் தடவை எழுதியது
கிண்டிக்காரருக்குப் போக வேண்டியது.
கடைசியில் இவ்வளவுதான்:
'நேட்டிவ் நீக்கப்பட்டது. பழைய இயந்திரங்களிலும் ஓடும்.'
பெயர். தேதி. இரண்டு நாற்பது, கூட்டல் ஐந்தரை.
கையொப்பம்.

சோதனைக் கருவி இன்னும் முனகுகிறது,
உதவிப் பக்கம் இல்லையாம்.
நாளைக்கு.

கேட் தூக்குகிறார்கள்.
காசிமேட்டுக்கு ஐஸ் ஏற்றிய வண்டி
முதலில் தண்டவாளத்தைத் தாண்டுகிறது,
வழியெல்லாம் சொட்டிக்கொண்டு.